வேலூர் மன்னனும் சிட்னி முரசறைவோனும்

பட்டு வியாபாரத்தின் பொருட்டும், வைத்தியத்தின் பொருட்டும், பிள்ளைகளின் படிப்பின் பொருட்டும் நம் படவேட்டினின்றும் ஆரணியினின்றும் வேலூருக்குச் சென்று வாராதார் நம்முள் இலர். அங்ஙனம் செல்வோருட் பலர் கோட்டையைச் சுற்றிப் பார்த்து, ஜலகண்டேசுவரரைத் தரிசித்துவிட்டுக் கண்ணமங்கலத்தின் வழியே ஊர் திரும்புகின்றனர். பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபத்தை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. இலங்கையிலே கண்டி ராஜ்யத்தை ஆண்ட கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுடைய நினைவுக்குரிய இடம் அது. அவன் பிறப்பால் நாயக்கர் மரபினன். கண்ணுசாமி என்பது அவன் இளமைப்பெயர். 1798-ஆம் ஆண்டில் அரியணை ஏறி, 1815-இல் ஆங்கிலேயராற் சிறைப்பிடிக்கப்பெற்று, 1816-இல் வேலூர்க் கோட்டைக்குக் கொணரப்பட்டு, 1832-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தான்.

இம்மன்னனைப் பற்றி எழுதியோர் பலர். யான் ஈண்டு எழுதப் புகுந்தது அவனைப் பற்றியன்று. அவன்கீழ் ஊழியம் புரிந்த ஒரு முரசறைவோனைப் பற்றியேயாம். மன்னன் வேலூருக்கு நாடு கடத்தப்பெற்ற அதே 1816-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அந்த முரசறைவோனும் வேறொரு திசையில், ஆஸ்திரேலியாவிலுள்ள சிட்னி நகருக்கு நாடு கடத்தப்பெற்றுக் கரையிறங்கினான். ஒரு போரின் முடிவில் இருவரும் கடல் கடந்தனர். ஒருவனுக்கு மண்டபம் உண்டு. மற்றவன் பெயரை நம்முள் அறிந்தார் அரியர். அவன் பெயர் ஆங்கிலேயரின் ஏடுகளில் வில்லியம் ஓடீன் என்று காணப்படுகின்றது. அவன் அயர்லாந்து தேசத்தானோ என்று எண்ணற்க. அவன் மலாய் இனத்தவன். நூருத்தீன், சம்சுத்தீன் என்றாற்போல முடியும் முஸ்லிம் பெயர் ஒன்று வெள்ளையர் நாவிலே அங்ஙனம் சிதைந்தது என்று கொள்ளுதல் பொருந்தும்.

முரசறைவோன் தொழில்

ஒரு முரசறைவோனைப் பற்றிச் சரித்திரக் கட்டுரை எழுதுதல் தகுமோ என்று சிலர் கருதக்கூடும். நம் ஊரின் பழமையையே எடுத்துக்கொள்வோம். படவேடு சம்புவராயருடைய தலைநகராய் விளங்கியது. பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் படையெடுத்து வந்து அவர்களை வென்றான். 1751-ஆம் ஆண்டின் இறுதியில் கிளைவ் ஆரணியருகே பிரெஞ்சுக்காரர் பக்கத்துப் படையை முறியடித்தான். 1782-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2-ஆம் நாள் அதே ஆரணியருகே ஸர் ஐர் கூட் என்னும் தளபதிக்கும் ஹைதர் அலிக்கும் போர் நிகழ்ந்தது. கம்பணன், கிளைவ், கூட், ஹைதர் என்ற பெயர்கள் நிற்கின்றன. அப்படைகளைத் துயிலெழுப்பியவனும், நடத்தியவனும், நிறுத்தியவனும் முரசறைவோனே. அவன் பெயரோ ஒன்றேனும் நம் செவிக்கு எட்டவில்லை.

அக்காலத்து ஐரோப்பியப் போர்முறையில் முரசு வெறும் வாத்தியமன்று. அதுவே படையின் வாய்மொழி. துப்பாக்கிப் புகையிலும் ஆரவாரத்திலும் அதிகாரியின் குரல் பத்தடிக்கு அப்பாற் கேளாது. ஆதலால் விடியலில் எழுக என்பதும், அணி வகுக்க என்பதும், நடக்க என்பதும், பின்வாங்குக என்பதும் முரசின் ஒலியாலேயே உணர்த்தப்பெற்றன. பகைவரோடு பேச்சு நடத்த விரும்பினும் முரசறைந்தே அறிவித்தல் வழக்கு. ஆங்கிலப் பட்டாளங்களில் முரசறைவோர் எளிதிற் கண்டுகொள்ளப்படுமாறு, ஏனைச் சிப்பாய்களின் சட்டையினின்றும் வேறுபட்ட நிறத்திலும் கரையிலும் சட்டை அணிந்தனர். துணியின் அருமை அறிந்த நம்மவர் இதனைக் குறித்துக்கொள்ளலாம். அந்நிறமே குண்டுக்கும் குறியாயிற்று. குற்றம் செய்த சிப்பாயைச் சவுக்கால் அடிக்கும் வெறுக்கத்தக்க கடமையும் முரசறைவோரைச் சார்ந்தது. அவர்கள் அனைவருக்கும் தலைவன் டிரம் மேஜர் எனப்படுவான். ஓடீன் வகித்த பதவி இதுவே. இலங்கையிலிருந்த மலாய்ப் பட்டாளத்தில் அவன் டிரம் மேஜராய் இருந்தான்.

மலாயர் இலங்கைக்கு வந்த வரலாறு

மலாயர் இலங்கைக்கு எங்ஙனம் வந்தனர்? ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை ஆண்ட காலத்தில், அவர்களுக்குத் தலைமையிடம் ஜாவாத் தீவிலுள்ள பத்தாவியா நகரம். இந்நாளில் ஜகார்த்தா என வழங்குவது அதுவே. அங்கிருந்தும் சூழ்ந்துள்ள தீவுகளிலிருந்தும் சிப்பாய்களையும், தமக்கு அடங்காது நாடு கடத்தப்பெற்ற அரச குடும்பத்தாரையும், அடிமைகளையும், கைதிகளையும் ஒல்லாந்தர் இலங்கைக்குக் கொணர்ந்தனர். பல தீவினராகிய இவர்களை இலங்கை மக்கள் ஜாவா மக்கள் என்றனர். ஆங்கிலேயர் மலாயர் என்றனர். இவர்கள் இஸ்லாமியர், கிரீஸ் என்னும் நெளிந்த குத்துவாளைக் கையாளுவதிற் பெயர் பெற்றவர்கள்.

1796-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. ஒல்லாந்தருக்காக மலாயர் மறத்துடன் பொருதனர். எனினும் கோட்டை கைமாறியபோது அவர்களும் கைமாறினர். நேற்றுவரை எவரைச் சுட்டனரோ அவரிடமே இன்று சம்பளம் வாங்கினர். இதனை அக்காலத்தில் ஒருவரும் துரோகம் என்று சொல்லவில்லை. வென்றவர், தோற்றவருடைய பீரங்கிகளை எடுத்துக்கொள்வதுபோலச் சிப்பாய்களையும் எடுத்துக்கொண்டனர். இச்செய்தியை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகின்றேன். பின்னர் இதன் பயன் விளங்கும்.

இப்படையினருக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் நேரே ஒரு தொடர்பும் உண்டு. தென்பாண்டிச் சீமையில் பாளையக்காரரை எதிர்த்துக் கும்பினியார் 1801-ஆம் ஆண்டு முடிய நடத்திய போருக்கு இலங்கையினின்றும் மலாய்ப் படையினரையும் தருவித்தனர். ஊமைத்துரையின் வீரரும் ஜாவாத் தீவின் வழியினரும் ஒருவரையொருவர் கொல்ல வேண்டிய பகை யாது? ஒன்றுமில்லை. கடல் கடந்து வந்த ஏழைச் சிப்பாயைக் கொண்டு மற்றொரு நாட்டு ஏழையை அடக்குதல் அந்நாளைய ராஜதந்திரம். அதே முறையில் நம் சென்னை ராஜதானிச் சிப்பாய்களும் 1795-ஆம் ஆண்டில் இலங்கையைப் பிடிக்க அனுப்பப்பெற்றனர்.

1803-ஆம் ஆண்டுப் போர்

இலங்கையின் கரையோரம் ஆங்கிலேயர் வசமாயினும், மலைநாடாகிய கண்டி தனி அரசாகவே நின்றது. கவர்னர் பிரெடரிக் நார்த் என்பவர் அதனையும் தம் ஆணைக்கு உட்படுத்த விரும்பினார். புத்தளத்து முஸ்லிம் வியாபாரிகள் கண்டி நாட்டில் வாங்கிய பாக்கை அந்நாட்டார் பறித்துக்கொண்டனர் என்பதே போருக்குக் காட்டப்பெற்ற காரணம். 1803-ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் மக்டவல் என்னும் தளபதி கொழும்பினின்றும் புறப்பட்டார். மற்றொரு படை திரிகோணமலையினின்றும் புறப்பட்டது. பெப்ரவரி மாதத்தில் இரு படைகளும் கண்டியை அடைந்தபோது ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. மன்னன் குடிகளோடு மலைக்காட்டுக்குள் விலகிவிட்டான். ஆங்கிலேயர் முத்துசாமி என்ற நாயக்க மரபினனை அரியணையில் ஏற்றினர். அவன் முந்திய மன்னனுடைய தேவியின் உடன்பிறந்தான். ஆயின் அவனை மன்னனென்று வணங்க ஒரு குடியும் வரவில்லை.

பின்னர் மழை வந்தது. மழையோடு காய்ச்சலும் வந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் நாள்தோறும் மடிந்தனர். பெரும்படை கீழ்நாட்டுக்குத் திரும்பிற்று. மேஜர் டேவி என்பவரிடம் நோயாளிகளும், எஞ்சிய வெள்ளையர் சிலரும், மலாய்ப் படையினரும் ஒப்படைக்கப்பெற்றனர். உணவு குறைந்தது, வழிகள் அடைபட்டன, மலாயருட் சிலர் கண்டியர் பக்கம் ஓடத் தொடங்கினர். கண்டி மன்னனிடமும் முன்னரே மலாயர் சிலர் ஊழியம் செய்துவந்தனர். ஆகவே மதிலின் இருபுறத்தும் ஒரே மொழி கேட்டது.

ஜூன் மாதம் 24-ஆம் நாள் விடியுமுன் கண்டியர் தாக்கினர். பிற்பகலில் டேவி பணிந்தார். ஆயுதங்களோடு திரிகோணமலைக்குச் செல்லலாம் என்றும், நோயாளிகளைக் கண்டியரே காப்பர் என்றும் உடன்பாடாயிற்று. படை மகாவலி கங்கைக் கரையை அடைந்தது, ஆறு பெருகி ஓடிற்று, கடக்க ஓடமில்லை. அங்கே கண்டியர் முத்துசாமியைத் தரும்படி கேட்டனர். தம்மை நம்பி வந்தவனை டேவி பகைவரிடம் ஒப்புவித்தார், அவன் கொல்லப்பட்டான். பின்னர் ஆயுதங்களைக் கீழே வைக்கச் சொன்னர், அதுவும் நடந்தது. மலாயர் தனியே பிரிக்கப்பெற்றனர். வெள்ளையர் இருவர் இருவராய் அழைத்துச் செல்லப்பெற்று வெட்டுண்டனர். கண்டியில் விடப்பெற்ற நோயாளிகளும் படுக்கையிலேயே மாண்டனர். உயிர் தப்பியோர் மிகச் சிலர். பார்ன்ஸ்லி என்ற கார்ப்பரல் குற்றுயிராய்த் தப்பிச் சென்று செய்தி சொன்னான். டேவி கண்டியிலேயே சிறையிருந்து சில ஆண்டுகட்குப்பின் இறந்தார்.

செஞ்சோற்றுக்கடன்

எஞ்சிய மலாயருக்கு எதிரே இரண்டு வழிகள் இருந்தன. மன்னனிடம் ஊழியம் பூணலாம், அன்றேல் இறக்கலாம். நூருத்தீன் என்ற மலாய்க் காப்டன் மன்னன் முன் கொண்டு நிறுத்தப்பெற்றபோது அவனை நெடுஞ்சாண்கிடையாய் வணங்க மறுத்தான். தான் ஆங்கிலேய அரசனுக்குச் சத்தியம் செய்தவன் என்றும், அதனை மீறான் என்றும் உரைத்தான். சிறையிலிட்டு மீண்டும் கேட்டபோதும் அவன் மொழி மாறவில்லை. அவனும் அவன் தம்பியும் கொல்லப்பெற்றனர். இம்மறத்தை ஆங்கிலேயரே வியந்து எழுதினர், நாமும் வியத்தற்குரியதே.

டிரம் மேஜர் ஓடீனோ உயிர் பிழைத்தான். அப்போரிலே கண்டியர் பக்கஞ் சேர்ந்து, மன்னனிடம் ஊழியம் பூண்டு, ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகள் மலைநாட்டிலே வாழ்ந்தான். சிங்களப் பெண் ஒருத்தியை மணந்தான். ஈவ் என்னும் பெயரால் அவள் பின்னாளைய ஏடுகளிற் குறிக்கப்பெறுகின்றாள்.

செஞ்சோற்றுக்கடன் என்ற சொல்லை நம்மவருட் சிறுவரும் அறிவர். இலங்கைப் போர் என்றவுடனே நம் உள்ளத்திலே தோன்றுவோர் இருவர். அண்ணன் இட்ட சோற்றுக்காக உயிர் கொடுத்த கும்பகர்ணன் ஒருவன். அண்ணனை விட்டு அறத்தின் பக்கஞ் சேர்ந்த விபீஷணன் மற்றொருவன். இருவரையும் நம் முன்னோர் போற்றினர். நூருத்தீனைக் கும்பகர்ணனுக்கு ஒப்பிடலாம். ஆயின் ஓடீன் இவ்விருவருள் யாருக்கு ஒப்பாவான்? ஒருவருக்கும் ஒப்பாகான். அவன் அரச குமாரனல்லன். அவனை அணைத்து முடிசூட்ட இராமனும் இல்லை. போர்க்களத்துக்கு ஓட்டிச் செல்லப்பெற்ற ஆயிரவருள் அவன் ஒருவன். அத்தகையோர்க்குச் சோறிட்டவன் முதலில் ஒல்லாந்தன், பின்னர் ஆங்கிலேயன், பின்னர்க் கண்டி மன்னன். எவன் கைச்சோற்றுக்கு அவன் கடன்பட்டான்?

தனக்கு ஊழியம் செய்தவனைக் காப்பது சோறிட்டவனுடைய கடன் அன்றோ? கடன் என்பது ஒருபக்கத்து வழக்கன்று. சிப்பாய் அரசுக்கு உயிரைத் தருகின்றான். அரசு அவனைப் பகைவனிடம் கைவிடாதிருத்தல் அதற்கு ஈடு. 1803-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வீடு முறிந்தது. தம்மால் முடிசூட்டப்பெற்ற முத்துசாமியையே கைவிட்டவர்கள், முரசறையும் மலாயனைக் காத்தார்கள் என்று சொல்ல ஒண்ணாது. ஆகவே, முதலில் முறிந்தது எக்கடன் என்ற வினாவை எழுப்பாமல் ஓடீனைத் துரோகி என்றல் நீதியாகாது என்பது என் கருத்து.

1815: இரண்டு நீதி

1815-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் மீண்டும் படையெடுத்தனர்; இம்முறை பெரும்போர் நேரவில்லை. மன்னனுடைய கொடுமையால் மனம் வெறுத்த பிரதானிகளே வழி திறந்துவிட்டனர். முதலமைச்சனாகிய எகலப்பொல என்பவன் 1814-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயரிடம் சென்று சேர்ந்தான்; அதன் பொருட்டு மன்னன் அவனுடைய மனைவி மக்களைக் கொடூரமாய்க் கொல்வித்தான். அவனுக்குப் பின் முதலமைச்சனான மொல்லிகொடையும் படையெடுப்பின்போது ஆங்கிலேயரைச் சேர்ந்தான். பெப்ரவரி மாதம் 18-ஆம் நாள் மன்னன் மலைப்புறத்து மறைவிடத்திற் பிடிபட்டான். மார்ச்சு மாதம் 2-ஆம் நாள் கண்டியிற் கூடிய சபையில், நாடு ஆங்கிலேய அரசனுக்கு உரியதென உடன்படிக்கை படிக்கப்பெற்றது.

மன்னனோடு அவன் ஊழியர் பலரும் ஆங்கிலேயர் கையில் அகப்பட்டனர். அவருள் ஓடீனும் ஒருவன். பட்டாளத்தை விட்டு நீங்கிப் பகைவனைச் சேர்ந்தான் என்ற குற்றத்தின்மேல் அவன் இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பெற்றுத் தண்டனை அடைந்தான். முடிவில் அவன் நியூ சவுத் வேல்ஸ் என்னும் கைதிகளின் குடியேற்றத்துக்குத் தீவாந்தரம் அனுப்பப்பெற்றான்.

அன்பர்கள் இங்கே சற்று நின்று நோக்குக. எகலப்பொல தன் மன்னனை விட்டு ஆங்கிலேயரைச் சேர்ந்தான். அவன் ஆங்கில அரசின் நண்பன் என்ற பட்டத்தைப் பெற்றான். மொல்லிகொடை அங்ஙனமே சேர்ந்தான். அவன் பதவி நிலைத்தது. முரசறைவோன் ஆங்கிலேயரை விட்டு மன்னனைச் சேர்ந்தான், அவன் குற்றவாளியானான். பக்கம் மாறியவர் அனைவரும் ஒரே செயலையே செய்தனர். தமக்கு ஆதாயமாகப் பக்கம் மாறியவரை வென்றவர் நண்பர் என்றனர். தமக்கு எதிராக மாறியவனை ஓடுகாலி என்றனர். 1796-ஆம் ஆண்டில் ஒல்லாந்தரை விட்டு வந்த மலாயரை ஆங்கிலேயரே சம்பளம் கொடுத்து ஏற்றுக்கொண்டதை முன்னர்க் கூறினேன். அன்று குற்றமாகாதது 1803-இல் எங்ஙனம் குற்றமாயிற்று?

சிப்பாய்த் தொழிலில் ஒழுங்கு வேண்டாமா என்று கேட்பின், வேண்டும் என்பதே விடை. சத்தியம் செய்தவன் அதனைக் காத்தல் வேண்டும், நூருத்தீன் காத்தான். ஆயின் நூருத்தீனைப் போல் இறவாதவன் ஒவ்வொருவனும் குற்றவாளி என்று விதிக்கும் உரிமை, அவனை அந்நிலைக்கு ஆளாக்கியவர்க்கு உண்டா என்பதே வினா. எகலப்பொலவின் முடிவும் நாம் அறிய வேண்டுவது. 1818-ஆம் ஆண்டில் மலைநாட்டிற் கலகம் நடந்தபோது ஆங்கிலேயர் அவனையும் ஐயுற்றுச் சிறைப்பிடித்தனர். பின்னர் மொரீசியஸ் தீவுக்கு அனுப்பினர். அவன் 1829-இல் அங்கேயே இறந்தான். மன்னன் வேலூரில், அமைச்சன் மொரீசியஸில், முரசறைவோன் ஆஸ்திரேலியாவில். வென்றவருடைய நட்பும் பகையும் ஈற்றிலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன.

இரண்டு கப்பல்கள்

1816-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24-ஆம் நாள் மன்னனும் அவன் தேவியரும் சுற்றத்தாரும் கார்ன்வாலிஸ் என்னும் கப்பலில் ஏற்றப்பெற்றுக் கொழும்பினின்றும் சென்னைக்குப் புறப்பட்டனர். அங்கிருந்து தரை வழியே வேலூரை அடைந்தனர். கங்காரு என்னும் மற்றொரு கப்பலோ ஓடீனையும் அவன் மனைவியையும் சுமந்துகொண்டு பெப்ரவரி மாதத்தில் சிட்னித் துறையை அடைந்தது. இலங்கைக்குச் செல்லும் பட்டாளத்தாரை ஏற்றிவந்த அக்கப்பல் திரும்பும்போது இவர்களைக் கொண்டுசென்றது. மெக்குவாரி என்பவர் அப்போது அங்கே கவர்னர். சிட்னி ஏற்பட்டு இருபத்தெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியாவிற் குடியேறினவராக ஏடுகளிற் காணப்படும் முதல் மக்கள் இத்தம்பதிகளே. இந்நாளில் சிட்னியிலும் மெல்பர்னிலும் வாழும் சிங்களரும் தமிழரும் மலாயரும் பெருந்தொகையினர். அவர்கட்கெல்லாம் வழி திறந்தவன் தண்டனை பெற்ற ஒரு முரசறைவோன் என்பது சரித்திரத்தின் விந்தை.

அவனை மீண்டும் அரசாங்கம் நாடிற்று. ஆஸ்திரேலியாவின் வடகரையில் ஆங்கிலேயர் 1824-ஆம் ஆண்டு முதல் சில குடியேற்றங்களை ஏற்படுத்தினர். செலிபிஸ் தீவின் மக்காசர் நகரத்தார் ஆண்டுதோறும் மார்கழியை ஒட்டி வீசும் வடமேற்குக் காற்றிலே பாய்விரித்து அக்கரைக்கு வந்து கடலட்டை பிடித்து, வேகவைத்து உலர்த்தி, காற்று மாறியபின் திரும்புவது அந்நாளைய வழக்கம். அது சீனருக்கு விலைப்படும். நம் இராமநாதபுரக் கடற்கரையார்க்கும் இவ்வியாபாரம் தெரிந்ததே. அம்மக்காசரோடு வாணிகம் நடத்த வேண்டின் மலாய்மொழி அறிந்தவன் வேண்டும். சிட்னியில் அத்தகையோன் ஒருவன் இருந்தான். 1827-ஆம் ஆண்டு முதல் 1829-ஆம் ஆண்டு வரை நிலவிய இராபிள்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தில் ஓடீன் துபாஷியாய் அமர்ந்து ஊழியம் செய்தான்.

இதனினும் பொருள் பொதிந்த முடிவு வேண்டுவதில்லை. எவன் நம்பத்தகாதவன் என்று தீர்ப்பளித்துக் கடல் கடத்தினரோ, அவனுடைய நாவையே நம்பிப் பேச்சு நடத்த நேர்ந்தது. துபாஷியின் தொழில் நம்பிக்கையே முதலாக உடையது. இருபுறத்தார் மொழியையும் அறிந்தவன், ஒருபுறத்தாரும் தட்டிக்கேட்க இயலாத நிலையில், உள்ளதை உள்ளவாறே சொல்லுதல் வேண்டும். பிறந்த குலம் கொடுத்த மொழி அவனுக்கு மூன்றாம் முறை சோறிட்டது. முரசும் பட்டாளமும் மன்னனும் போயின. தாய்மொழி அவனைவிட்டுப் போகவில்லை.

நமக்குரிய பாடம்

இது வேற்றினத்தான் கதை என்று நாம் ஒதுக்கற்பாலதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிலே தெரிஞ்ச கைக்கோளர் என்னும் படைகள் பல குறிக்கப்பெறுகின்றன. தறியைப் பிடித்த கைகள் அரசன் அழைத்தபோது வேலையும் பிடித்தன. அப்படைகள் ஈட்டிய வெற்றிகள் மன்னர் பெயரில் நிற்கின்றன. அவற்றில் உயிர் கொடுத்த நெசவாளி பெயர் கல்லில் ஏறவில்லை.

நம் தந்தையர் காலத்தில் இவ்வினா மீண்டும் எழுந்தது. 1942-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, பாரர் பார்க்கு என்னும் மைதானத்தில் இந்தியச் சிப்பாய்களைத் திரட்டி, ஆங்கில அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்புவித்தார். பின்னர் அவருட் பலரும், மலேயாத் தோட்டங்களிற் பாலெடுத்த தமிழர் பலரும் இந்திய தேசிய ராணுவத்திற் சேர்ந்தனர். 1945-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தில்லிச் செங்கோட்டையில் அதன் அதிகாரிகள் மூவர் மேல் விசாரணை தொடங்கிற்று. அவர்கட்கு விதித்த தண்டனையும் தீவாந்தரமே. ஆயின் நாடெங்கும் எழுந்த குரலினால் அது நிறைவேறவில்லை. கைவிட்டவன் கடன் கேட்கலாகாது என்று அன்று நம் மக்கள் ஒரே வாயாய்ச் சொன்னார்கள். ஓடீனுக்காக அங்ஙனம் சொல்ல ஒரு நாடு இல்லை. அவனுக்கும் அவர்கட்கும் உள்ள வேறுபாடு அதுவே.

நம் குடும்பங்களிலும் கடல் கடந்து சென்றோர் உண்டு. இரங்கூனுக்கும், பினாங்குக்கும், கொழும்புக்கும் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி வீடுகளில் இரண்டு விதமாகவே பேசக் கேட்கின்றோம். பணம் அனுப்பியவர் குலவிளக்கு. அனுப்பாதவர் குலத்தை மறந்தவர். அவர் எந்தப் போரில் அகப்பட்டார், எந்தக் காட்டு வழியில் நடந்தார், யாரிடம் ஊழியம் செய்து உயிர் பிழைத்தார் என்று கேட்பாரில்லை. பழைய பெட்டிகளிலுள்ள கடிதங்களையும் பயணச் சீட்டுக்களையும் அன்பர்கள் எரித்துவிடாது காத்தல் வேண்டும். முதியோர் சொல்லக்கூடிய செய்திகளை இன்றே எழுதி வைத்தல் வேண்டும். தீர்ப்புச் சொல்லுமுன் வரலாற்றைக் கேட்பது நம் சங்கத்தார்க்கு வழக்கமாகுக.

அடுத்த முறை வேலூர் செல்லும் அன்பர்கள் பாலாற்றங்கரைக்கும் சென்று வருவாராக. அங்கே மன்னனுடைய பெயரைப் படிக்கும்போது, அவனுக்கு ஊழியம் செய்த குற்றத்துக்காக அவனினும் நெடுந்தூரம் கடத்தப்பெற்ற முரசறைவோன் ஒருவனையும் நினைப்பாராக. ஆடி வெள்ளியில் நம் ரேணுகாம்பாள் சந்நிதியிலே மேளம் முழங்குங்கால் எல்லாரும் அம்மனையே நோக்குவர், அது தக்கதே. ஆயினும் முழவின்மேல் விழும் கை ஒரு மனிதனுடைய கை என்பதை மறவாதிருத்தல் நம் கடன்.